வழக்கறிஞர் வ.உ.சிதம்பரனார்: சன்னதும் சான்றாண்மையும்

பெருந்துறையிலிருந்து கோயம்புத்தூருக்குச் சென்று வரும் மாணவர்களுள் வ.உ.சி. பூங்காவைக் காணாதார் மிகச் சிலரே. அப்பெயருக்கு உரியவர் யார் என்று முதலாமாண்டு வகுப்பில் ஒருநாள் வினவினேன். கப்பலோட்டிய தமிழர் என்றார் ஒரு மாணவர். செக்கிழுத்த செம்மல் என்றார் மற்றொருவர். இரண்டு விடையும் சரியே. அவர் குடும்பத்தைக் காப்பதற்குச் செய்த தொழில் யாது என்று அடுத்து வினவியபோது வகுப்பில் அமைதி நிலவியது. அந்த அமைதியே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று.

சுதேசிக் கப்பல் நிறுவனத்தோடு வ.உ.சி. நேரடியாக உழைத்த காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். சிறையில் கழிந்தவை நான்கரை ஆண்டுகள். வழக்கறிஞர் தொழிலோ அவர் இருபத்து மூன்றாம் வயதில் தொடங்கி, இடையில் பறிக்கப்பட்டு, மீண்டும் பெற்று, முதுமை வரை தொடர்ந்தது. அத்தொழிலை அறியாமல் கப்பலையும் செக்கையும் மட்டும் அறிந்தோர், அம்மனிதர் இழந்தது எதுவென்பதை முழுமையாக அறிந்தோர் ஆகார்.

பிறப்பும் கல்வியும்

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றியவர் சிதம்பரம். தந்தையார் வழக்கறிஞர். கட்சிக்காரர்கள் திண்ணையில் வந்து அமர்வதும், பத்திரங்களை விரித்துக் காட்டுவதும், வாய்தா நாளை எண்ணிக் கவலையுறுவதும் இளமையிலேயே அவர் கண்ட காட்சிகளாகும். வீரப்பெருமாள் அண்ணாவி என்பாரிடம் தமிழ் கற்றார். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். சில காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த பின்னர், தந்தையார் அவரைச் சட்டம் பயிலத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பினார். 1894இல் தேர்வில் வென்று, 1895இல் ஓட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார்.

அன்றைய வழக்கறிஞர் உலகம்

அக்காலத்து வழக்கறிஞர்கள் பல படியினர். இங்கிலாந்து சென்று பயின்று வந்த பாரிஸ்டர்கள் மேல்படியில் இருந்தனர். உயர்நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்கள் அவர்க்கு அடுத்த நிலையினர். மாவட்டத்து நீதிமன்றங்களில் மக்களோடு மக்களாக நின்று வழக்கு நடத்தியவர் பிளீடர்கள். வ.உ.சி. இவ்வகையினர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதாரும் உரிய தேர்வில் வென்றால் பிளீடராகலாம். ஆயின் சன்னது என்னும் உரிமைப் பத்திரம் இன்றி எவரும் நீதிமன்றத்தில் வாதாட இயலாது. 1879ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் இதனை ஒழுங்குபடுத்தியது. குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற பிளீடரை நீக்கும் அதிகாரத்தையும் அச்சட்டம் உயர்நீதிமன்றத்துக்கு வழங்கியிருந்தது. அந்த விதி தம்மைப் பின்னாளில் எவ்வாறு தாக்கப் போகிறது என்பதை அன்று அவர் அறிந்திரார்.

சிற்றூர் வழக்குகளின் இயல்பை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, அடமானம், புரோநோட்டுக் கடன், கிணற்றுப் பங்கு ஆகியன உரிமையியல் வழக்குகள். அவற்றில் உரத்த குரலினும் உரிய பத்திரமே வலியது. முன்சீப் நீதிமன்றத்தில் தோற்றவர் மேல் நீதிமன்றத்துக்குச் செல்வார். அங்கும் தோற்றால் சென்னை உயர்நீதிமன்றம். அதற்கும் மேல் அந்நாளில் இலண்டன் பிரிவி கவுன்சில். பணமுடையோர் இப்படிகள் அனைத்திலும் ஏறலாம். ஏழைக்கு முதற்படியே மலை.

இந்நிலையில் வ.உ.சி. ஏழைகளின் பக்கம் நின்றார். கட்டணம் தர இயலாதார்க்குக் கட்டணமின்றி வாதாடினார். தந்தையார் வசதி படைத்தோர்க்காக வாதாட, மைந்தர் எளியோர்க்காக வாதாடியதும் உண்டென்பர். உரிமையியல், குற்றவியல் ஆகிய இருவகை வழக்குகளிலும் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். கையூட்டுப் பெற்ற கீழ்நிலை நீதிபதிகள் மூவர் மீது குற்றஞ்சாட்டி மெய்ப்பித்தவர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். தாம் நாள்தோறும் வாதாட வேண்டிய நீதிபதிகளையே எதிர்ப்பது ஒரு பிளீடருக்கு எத்துணை இடர் தருவது என்பதைத் தொழிலறிந்தோர் உணர்வர். அதிகாரிகளின் பகை வளர்ந்தது. 1900ஆம் ஆண்டில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து அங்குத் தொழிலைத் தொடர்ந்தார்.

சட்டம் அறிந்தவரின் கப்பல்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கடல் வாணிகம் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. அப்பிடியைத் தளர்த்த எண்ணிய வ.உ.சி., ஆட்சியாளர் வகுத்த கம்பெனிச் சட்டத்தையே கருவியாகக் கொண்டார். 1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி முறைப்படி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய், பங்குகள் 40,000. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார்.

இவ்விடத்தில் நம் சமுதாயத்துப் பெரியோர் நெஞ்சில் நிறுத்தத்தக்க பெயர் ஒன்றுண்டு. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருமகனார் 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள பங்குகளை, வாங்கினார். மொத்த மூலதனத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு. அவர் நிறுவனத்தின் கௌரவச் செயலாளராகவும், வ.உ.சி. உதவிச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். சைவ நெறியில் ஊறிய சிற்றூர் பிளீடர் ஒருவரை நம்பி முஸ்லிம் வணிகர் ஒருவர் தம் பெருஞ்செல்வத்தை ஈந்தார். சட்டப் பதிவும் ஒழுங்கான கணக்கும் நம்பிக்கைக்கு அரண். ஆயினும் அவற்றுக்கு முன்னர் மனிதர் மீது மனிதர் வைக்கும் நம்பிக்கை வேண்டும். அது அன்று தூத்துக்குடியில் இருந்தது.

காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்க் கட்டணமின்றியே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. போட்டி கடுமையாயிற்று.

வழக்கும் மேல்முறையீடும்

1908 பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுப்பிரமணிய சிவாவுடன் இணைந்து வ.உ.சி. அதற்குத் துணை நின்றார். வேலைநிறுத்தம் வெற்றி கண்டது. மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது.

பிறர்க்காக வாதாடியவர் இப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றார். அமர்வு நீதிபதி பின்ஹே வழக்கை விசாரித்தார். சுப்பிரமணிய பாரதியார் எதிர்த்தரப்புக்குச் சான்று கூற வந்தார். ஜூலை 7ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. அரசநிந்தனைக்கு இருபது ஆண்டு, சிவாவுக்குத் துணை நின்றமைக்கு இருபது ஆண்டு, ஆக நாற்பது ஆண்டு நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. தம்பி மீனாட்சிசுந்தரம் இச்செய்தியால் மனநிலை பிறழ்ந்தார். அவர் பின்னர்த் தேறவே இல்லை. இலண்டனில் இந்தியாவுக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் மார்லியே இத்தண்டனையின் கடுமையை ஏற்கவில்லை என்பது வரலாறு.

சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யப்பட்டது. 1908 நவம்பர் 4ஆம் நாள் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. மேல்முறையீடு என்பது தோற்றவரின் பிடிவாதம் அன்று. முதல் நீதிமன்றத்தின் சினத்தையும் அவசரத்தையும் மற்றொரு நீதிமன்றம் நிதானமாக நிறுத்துப் பார்ப்பதற்கு அமைந்த வழி அது. அவ்வழி இல்லாதிருப்பின் அவர் வாழ்வு அந்தமானில் முடிந்திருக்கக்கூடும். ஆயினும் உயர்நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்றே கொண்டது. தண்டனை குறைந்தது, பழி நீங்கவில்லை. அவரைத் தண்டித்த 124அ பிரிவின் செயற்பாட்டை 2022 மே மாதத்தில் இந்திய உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அப்பிரிவு அடங்கிய இந்தியத் தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1 முதல் வழக்கொழிந்து, வேறு சட்டம் வந்துள்ளது.

கோவைச் சிறை

1908 ஜூலை 9ஆம் நாள் தொடங்கி 1910 டிசம்பர் 1 வரை வ.உ.சி. கோயம்புத்தூர்ச் சிறையில் இருந்தார். இன்றைய ஈரோடு மாவட்டப் பகுதிகள் அந்நாளில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. 1979இல்தான் பெரியார் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. ஆகவே அவர் பட்ட துயரம் நம் ஜில்லாவிலேயே நிகழ்ந்தது எனலாம். சணல் கிழிக்கும் பொறியைச் சுற்றியதால் கைத்தோல் உரிந்தது. அதன்பின் மாடு இழுக்க வேண்டிய எண்ணெய்ச் செக்கில் அவரைப் பூட்டினர். பத்திரம் எழுதிப் பழகிய கை செக்கிழுத்தது.

கொங்கு மண்ணில் அவருக்கு உற்ற துணையும் வாய்த்தது. பின்னாளில் பெரியபுராணத்துக்கு விரிவுரை கண்ட சி.கே.சுப்பிரமணிய முதலியார் அப்போது கோவையில் வழக்கறிஞராக இருந்தார். அரசின் சினத்துக்கு ஆளான ஒருவர்க்கு உதவுவது தம் தொழிலுக்கு ஊறு என்று அவர் அஞ்சவில்லை. தொழில் முறையால் ஒருவர்க்கொருவர் போட்டியாளராதற்குரிய வழக்கறிஞர் உலகில் இத்தகைய நட்பும் இருந்தது என்பது போற்றத்தக்கது. பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட வ.உ.சி., 1912 டிசம்பர் 24ஆம் நாள் விடுதலையானார்.

சன்னது இல்லாத ஆண்டுகள்

சிறைவாயிலில் அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. கப்பல் நிறுவனம் 1911இலேயே கலைக்கப்பட்டிருந்தது. தண்டனை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் மற்றொரு தண்டனை அன்றுதான் தொடங்கியது. குற்றவாளி என்னும் தீர்ப்பினால் அவருடைய சன்னது பறிபோயிருந்தது. சிறைத்தண்டனைக்கு நாள் கணக்கு உண்டு. தொழில் இழப்புக்கு நாள் கணக்கு இல்லை.

மனைவி மீனாட்சியம்மாளோடும் மக்களோடும் சென்னையில் குடியேறினார். சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர், மயிலாப்பூர் எனப் பல இடங்களில் வாழ்ந்தார். அரிசி வாணிகம் செய்தார். அது பயன் தரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென மனமுவந்து திரட்டிய தொகை காந்தியடிகள் வழியாக வரவேண்டியிருந்தது. அதற்காக 1915, 1916ஆம் ஆண்டுகளில் கடிதங்கள் பல எழுதிக் காத்திருந்தார். இறுதியில் கிடைத்த தொகை 347 ரூபாய் 12 அணா. பத்து இலட்ச ரூபாய் மூலதன நிறுவனத்தை எழுப்பியவர் முந்நூற்றுச் சொச்ச ரூபாய்க்குக் காத்திருந்த செய்தி, படிப்போர் நெஞ்சைச் சுடுவதாகும்.

1920இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. நீதிமன்றங்களைப் புறக்கணிக்குமாறு வழக்கறிஞர்களுக்கு அறைகூவல் விடுக்கப்பட்டது. சேலத்தில் புகழோடு விளங்கிய இராஜாஜி போன்றோர் தொழிலைத் துறந்தனர். நாடு அவர்களைப் பாராட்டியது. வ.உ.சி.யோ அவ்வியக்கத்தில் உடன்பாடு கொள்ளாது காங்கிரசிலிருந்து விலகினார். இருதரப்பினர் நோக்கையும் இங்கு எடைபோட வேண்டியதில்லை. தாமே துறப்பவர்க்குப் புகழ் கிடைக்கிறது. பறிக்கப்பட்டவர்க்கு வறுமை கிடைக்கிறது. இந்த வேறுபாட்டை மட்டும் நாம் மனங்கொள்ளல் தகும்.

மீண்டும் கோவை

வாழ்வு அவரை மீண்டும் கோயம்புத்தூருக்கே கொணர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் இங்கு வங்கி ஒன்றில் மேலாளராகப் பணிபுரிந்தார். செக்கிழுத்த ஊரிலேயே கணக்கேடு பார்த்து வாழ்ந்தார். வருவாய் குடும்பத்துக்குப் போதவில்லை. தம் சன்னதைத் திரும்பப் பெற விண்ணப்பித்தார்.

அப்போது அவருக்கு உதவியவர் ஆங்கிலேயர் ஒருவரே. இ.எச்.வாலஸ் என்னும் நீதிபதி முன்னாளில் திருநெல்வேலியில் பணியாற்றி, வ.உ.சி.யின் நேர்மையை அறிந்தவர். அவருடைய முயற்சியால் சன்னது மீண்டது. அந்நன்றியை வ.உ.சி. வாய்ச்சொல்லோடு நிறுத்தவில்லை. தம் இளைய மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியைத் தம் ஆற்றல் முழுவதும் கொண்டு எதிர்த்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் அறவுணர்வைத் தம் குடும்பத்துப் பெயராக்கினார். ஆட்சி வேறு, மனிதர் வேறு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது இந்நிகழ்ச்சியினும் சிறந்த எடுத்துக்காட்டை யான் கண்டதில்லை.

அவர் அரசியலையும் முற்றத் துறந்துவிடவில்லை. 1927இல் சேலத்தில் நடந்த மாவட்ட அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

கோவில்பட்டியும் தமிழும்

சன்னது பெற்றபின் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். இளமையில் ஓடியாடிய தொழிலை ஐம்பது வயதைக் கடந்த பின் மீண்டும் தொடங்குவது எளிதன்று. புதிய வழக்கறிஞர்கள் பலர் வந்துவிட்டனர். பழைய கட்சிக்காரர்கள் வேறிடம் சென்றுவிட்டனர். எனினும் சோர்வின்றி வழக்குகளை நடத்தினார். 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார்.

வழக்குக் கட்டுகளுக்கு அருகிலேயே ஏட்டுச் சுவடிகளும் இருந்தன. ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மனம்போல வாழ்வு, அகமே புறம் முதலிய பெயர்களில் தமிழாக்கினார். மெய்யறிவு, மெய்யறம் என்னும் நூல்களை யாத்தார். திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் 1917இல் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பிப்பதில் உழைத்தார். அறத்துப்பாலுக்குத் தாமே எழுதிய விரிவுரையை 1935இல் வெளியிட்டார். தம் வரலாற்றை அகவலில் பாடினார். மூல ஆவணம் எது, படி எது, பிழை எங்கு நுழைந்தது என்று நுணுகி நோக்குவது உரிமையியல் வழக்கறிஞரின் கடமை. பதிப்பாசிரியரின் கடமையும் அஃதே. ஆகவே அவர் சட்டத்தை விட்டுத் தமிழுக்கு வந்தவர் அல்லர். ஒரே பயிற்சியை இரு துறைகளில் செலுத்தியவர் என்பதே பொருந்தும்.

இறுதிப் பத்திரம்

1936ஆம் ஆண்டில் உடல் நலிந்தது. பிறர்க்கு எத்தனையோ பத்திரங்களை எழுதியும் ஆராய்ந்தும் பழகிய வழக்கறிஞர், தம் இறுதி நாள்களில் தமக்கென ஓர் உயில் எழுதுவித்தார். பெருஞ்சொத்து உடையோர் உயிலில் யாருக்கு எது சேரும் என்னும் பட்டியல் இருக்கும். இவர் உயிலில் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்னும் பட்டியலே முதன்மையாக நின்றது. எண்ணெய்க் கடைக்கு உள்ள பாக்கி, துணிக் கடைக்கு உள்ள பாக்கி, சில்லறைக் கடன்கள் என ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டன. செக்கிழுத்தவர் எண்ணெய்க் கடைக்குக் கடன்பட்டிருந்தார், அக்கடனையும் மறைக்கவில்லை. சான்று இல்லாத சிறு கடனை மறுத்துவிட அவருக்குத் தெரிந்த சட்டமே போதும். அவர் அவ்வாறு செய்யவில்லை.

1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில், அவர் விரும்பியவாறே காங்கிரஸ் அலுவலகத்தில், அவர் உயிர் பிரிந்தது.

நிறைவாக

அவர் மறைந்த பின்னர் நாடு அவரைப் போற்றத் தொடங்கியது. ம.பொ.சிவஞானம் எழுதிய வரலாறு கப்பலோட்டிய தமிழன் என்னும் பெயரை நிலைபெறச் செய்தது. 1961இல் அதே பெயரில் திரைப்படம் வெளிவந்தது. 1972இல் நூற்றாண்டு அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. 2011இல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது. இவை யாவும் மகிழ்வுக்குரியன. ஆயினும் அவர் உயிரோடிருந்து அரிசி விற்ற நாளில், ஒரு சன்னதுக்காகக் காத்திருந்த நாளில், அவர் பெயரைச் சொன்னவர் எத்துணைப் பேர் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

மாணவர்களுள் சிலர் பட்டம் பெற்றபின் சட்டம் பயிலலாம். ஈரோட்டிலோ கோவையிலோ கறுப்பு அங்கி அணிந்து நிற்கலாம். வரப்புத் தகராறோடு வரும் ஏழை விவசாயி ஒருவர், கட்டணத்தைத் துணி முடிச்சில் வைத்துக்கொண்டு அவர்கள்முன் தயங்கி நிற்பார். அந்த நேரத்தில் ஓட்டப்பிடாரத்துப் பிளீடரை நினைவுகூர்வாராக. வேறு தொழில் புரிவோரும், பொதுநலத்துக்காகப் பிழைப்பை இழந்தவர் எவரேனும் தம் ஊரில் உளரா என்று தேடி, அவர் வாழும்போதே அவர் வீட்டுக் கதவைத் தட்டுவாராக. பக்கீர் சேட் பணத்தால் செய்ததும், சுப்பிரமணிய முதலியார் துணையால் செய்ததும், வாலஸ் ஆணையால் செய்ததும் அதுவே.

அடுத்த முறை கோவைப் பூங்காவின் வாயிலில் நிற்கும் மாணவர், அப்பெயருக்குரியவர் ஒரு வழக்கறிஞர் என்பதையும் சேர்த்தே நினைப்பாராயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.